பேரி மரத்துக்கு வைத்த உரம்

பேரிக்காய் என்று யாராவது சொன்னாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. பழக்கடையில் அடுக்கி வைத்திருந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறேன். காயின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது பாவம், என்ன செய்யும்? ஆனால் அதைப் பார்த்தவுடன் எங்கள் கொல்லையும், அந்த நீல டிரம்மும், வாயைத் திறக்காமல் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த என் கணவரின் முகமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. அப்புறம் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஸ்ரீரங்கத்தில் யாராவது பேரி மரம் வளர்ப்பார்களா? காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருந்தாலும், மாசி பிறந்தவுடனேயே மண்டையைப் பிளக்கிற வெயில் இங்கே. தென்னை வரும், வாழை வரும், எலுமிச்சை வரும். பேரி என்பது ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிற ஊரில் இருக்கவேண்டிய மரம். இதை நான் சொன்னேன். எங்கள் பிள்ளை சொன்னான். ஒட்டுக் கட்டிக் கொடுத்த கொடைக்கானல் நர்சரிக்காரனே சொன்னானாம், "சார், கீழ கொண்டுபோனா வராது சார்" என்று. எங்கள் ஆத்துக்காரர் யார் சொல்லி எதைக் கேட்டிருக்கிறார்?

அவர் ரயில்வேயில் இருந்தவர். கொடை ரோட்டில் வேலை பார்த்த காலத்தில், மலைமேல் இருந்த ஒரு பழைய பங்களாவின் காவல்காரரோடு சிநேகம் பிடித்துக்கொண்டார். அந்தத் தோட்டத்தில் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன பேரி மரங்கள் இருந்தன. கடையில் விற்கிற ரகம் இல்லை அது. மரத்தில் எத்தனை நாள் விட்டாலும் பழுக்காது. கல் மாதிரி இருக்கும்போதே பறித்து, வைக்கோலில் புதைத்துவைத்து, குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தால்தான் கனியும். லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு பை நிறையக் கொண்டுவருவார். நான் ஒருமுறை கடித்துப் பார்த்தேன். மரத்தூளைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறவைத்த மாதிரி இருந்தது. பல்லுக்கிடையில் நறநறவென்று மணல் வேறு.

"இன்னும் கனியலைடி. கனிஞ்சா வெண்ணெய்" என்பார்.

அந்த வெண்ணெயை நான் பார்த்ததே இல்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் வைக்கோலோடு அழுகிக் கிடந்ததை முறத்தால் வழித்து எறிந்ததுதான் எனக்குத் தெரியும். இந்த ஊர்ச் சூட்டில் அது கனிவதற்குள் புழுத்துவிடும். இருந்தாலும் அவர் கண்ணுக்கு அது அமிர்தம்.

அவர் ரிடையர் ஆன பிறகு, பங்களாவை யாரோ ரிசார்ட் கட்ட வாங்கிவிட்டதாகவும், மரங்களை வெட்டப் போவதாகவும் காவல்காரர் போன் செய்தார். அன்றைக்கே பஸ் ஏறிப் போனார். நுனிக் குச்சிகளை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, நர்சரியில் கொடுத்து ஒட்டுக் கட்டவைத்தார். மாதங்கள் கழித்துப் போய் மூன்று கன்றுகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பெற்ற பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோதுகூட அப்படி மடியில் வைத்துக்கொள்ளவில்லை.

"அந்த மரமெல்லாம் போயாச்சு. இந்த மூணு கன்னும் போனா இந்த ரகமே பூமியில கிடையாதுடி" என்றார். கண் கலங்கியிருந்தது. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு எனக்கே கொஞ்சம் இரக்கமாகத்தான் இருந்தது. அந்த இரக்கத்தில்தான், என் பவழமல்லியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் குழி தோண்டியபோது சும்மா இருந்தேன்.

அதற்கப்புறம் கொல்லைப்பக்கம் போகவே பிடிக்காமல் போயிற்று. மேலே பச்சை வலை கட்டினார். கீழே தென்னை மட்டையும் சருகும் மக்கப் போட்டார். அதில் மரவட்டை பிடித்தது. கிணற்றடிக்குப் போனால் காலில் ஏறும். இலையில் மாவுப்பூச்சி அப்பியது. வெள்ளை வெள்ளையாக, தொட்டால் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். அதற்கு வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் அடித்தார், அது காற்றில் வந்து என் வடாம் மேல் விழுந்தது. ஒரு கன்று முதல் கோடையிலேயே செத்தது. மற்ற இரண்டும் பிடிவாதமாக வளர்ந்தன, வைத்தவரைப் போலவே.

வளர்ந்ததே தவிர பூக்கவில்லை. பேரிக்குக் குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டித் தூங்க வேண்டுமாம். தூங்கி எழுந்தால்தான் பூக்குமாம். ஸ்ரீரங்கத்தில் எது தூங்குகிறது? அதனால் ஐப்பசியில் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொரு இலையாகக் கையால் உருவினார். கிளைகளை வளைத்துக் கயிறு கட்டிச் செங்கல்லில் தொங்கவிட்டார். மார்கழியில் இன்னும் மோசம். ஐஸ் பாக்டரியிலிருந்து ஆட்டோவில் சாக்கில் சுற்றிய ஐஸ் பாளங்கள் வந்தன. மரத்தடியில் வட்டமாக அடுக்கி, மேலே உமியைக் கொட்டி, அதற்கு ஒரு பழைய கம்பளியும் போர்த்தினார். மத்தியானத்துக்குள் எல்லாம் உருகி, கொல்லை முழுக்க உமிச் சேறு. தெருவில் சிரித்தார்கள். எதிர்வீட்டு மாமா, ரிடையர்டு ஹெட்மாஸ்டர், வாசலில் நின்றுகொண்டு, "என்ன ஓய், மரத்துக்கு ஜலதோஷம் பிடிச்சுடப் போறது" என்பார். இவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

இங்கே எங்கள் மருமகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

என் பிள்ளை காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவள். உறையூர்ப் பெண். எங்கள் ஜாதி இல்லை. இந்தக் கல்யாணத்துக்காக நான் பட்ட பாடு பெருமாளுக்குத்தான் தெரியும். என் அண்ணா இன்றுவரை பேசுவதில்லை. பிள்ளைக்கு ஓசூரில் வேலை, வாராவாரம் வந்துபோவான். இவளுக்குத் திருச்சியில் பேங்க் வேலை. தனியாக வீடு எடுக்கிறேன் என்றாள். "நம்ம ஆம் இவ்வளவு பெரிசா இருக்கச்சே தனியா என்னத்துக்கு?" என்று நான்தான் பிடிவாதமாகக் கூட்டி வந்து வைத்துக்கொண்டேன். தெருவில் எல்லார் கண்ணும் அவள் மேல்தான். அவள் என்ன பொட்டு வைத்தாள், எத்தனை மணிக்கு வந்தாள், கோவிலுக்குள் எங்கே நின்றாள், எல்லாம் கணக்கு.

அவள் பிறந்த வீட்டில் மாமிசம் சாப்பிடுவார்கள். அதை அவள் மறைத்ததில்லை. எங்கள் வீட்டில் ஒரு முட்டைகூடக் கொண்டுவந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போவாள், அங்கே சாப்பிடுவாள். திரும்பும்போது அங்கேயே தலைக்குக் குளித்து, வேறு புடவை மாற்றிக்கொண்டு வருவாள். யாரும் சொல்லி அவள் இதைச் செய்யவில்லை. "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று நானே கேட்டேன். "எனக்கே ஒரு மாதிரியா இருக்கு அத்தை. விடுங்க" என்றாள். இப்படிப்பட்ட பெண். இவள் இந்த வீட்டில், இந்தத் தெருவில், ஒரு சொல் வாங்காமல் நிமிர்ந்து நடமாட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. வேறு எதையும் பெருமாளிடம் நான் கேட்கவில்லை.

தை கடைசியில் ஒரு பேரி மரம் பூத்தது. வெள்ளையாக, கொத்துக்கொத்தாக. அழகாக இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் கிட்டே போய் மோந்து பார்த்தேன், சீ, கெட்டுப்போன ஏதோ ஒன்றின் வாடை. பேரிப் பூ அப்படித்தானாம். ஈ மொய்த்தது. இவர் பெயின்ட் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு பூவுக்குப் பூ மகரந்தம் தடவினார். மாசியில் நாலு பிஞ்சு நின்றது. ராத்திரியும் பகலும் அதே பேச்சு. காய் உதிராமல் இருக்க என்ன செய்யவேண்டும், காய் பெருக்க என்ன ஊற்ற வேண்டும். லால்குடியில் இயற்கை விவசாயக் கூட்டம் என்று ஒன்றுக்குப் போனார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு வெளிச்சம். சில நாட்களில் கொல்லை மூலையில், பழைய துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால், மூடி போட்ட ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் வந்து உட்கார்ந்தது.

"என்னன்னா அது?"

"உரம். பஞ்சகவ்யம் மாதிரி ஒண்ணு. நீ திறக்காதே."

நான் எதற்குத் திறக்கிறேன்? என் அடுப்படியில் அக்காரவடிசலுக்கு வாங்கி வைத்திருந்த வெல்லம் முழுக்கக் காணாமல் போயிருந்தது. அதைத்தான் கேட்டுச் சண்டை போட்டேன்.

பங்குனியில் நாற்றம் ஆரம்பித்தது. என்ன நாற்றம் என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. குடலைப் பிடுங்கியது. முதலில் எலி செத்துக் கிடக்கிறது என்று பரண் முழுக்கத் தேடினேன். அப்புறம் சாக்கடை என்று நினைத்தோம். ஆள் வந்து மூடியைத் திறந்து பார்த்து, "இங்க ஒண்ணும் அடைப்பில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். பக்கத்து வீட்டில் சாம்பிராணி போட்டார்கள். எதிர்வீட்டு மாமி மூக்கில் வெட்டிவேரை வைத்துக்கொண்டு கோலம் போட்டாள். நானும் வீட்டை மூன்று முறை கழுவிவிட்டேன். டிரம் இருந்த பக்கத்தைப் பார்த்து ஒருநாள் கேட்டேன், "அதுவா நாறறது?" என்று. "அது வெல்லமும் சாணியும்டி, வாசனையே கிடையாது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல் இலையில் பூச்சி பார்த்துக்கொண்டு. முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன் சொல்வதை நம்பினேன். என்ன செய்வது?

தெருவில் மூன்று நாலு தலைமுறையாக யாரும் மீனைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் எங்கிருந்தோ பேச்சு கிளம்பிவிட்டது, இது மீன் வாடை என்று. அடுத்த நிமிஷமே எல்லார் கண்ணும் திரும்பின. எந்த வீட்டுப் பக்கம் என்று சொல்ல வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை அவள் கையில் ஒரு பையோடு வருகிறாள். அதில் டப்பா இருக்குமோ? மாமியாருக்குத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு முள்ளைக் கொல்லையில் புதைக்கிறாளோ? கறிகாய்க்காரியிடமே ஒரு மாமி இதைச் சொல்லியிருக்கிறாள். பையில் அவள் கழற்றிய புடவைதான் இருந்தது. கண்றாவி, இதை யாரிடம் போய்க் காட்டுவது?

ஒரு சாயங்காலம் எதிர்வீட்டு மாமாவும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். எங்கள் ஆத்துக்காரர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் பேங்கிலிருந்து வந்த மருமகள் உள்ளே கூடத்துக் கதவருகில் நின்றாள். நான் காபி கலக்கப் போனேன். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்கப்படாது. தெருவிலே ஒரு மாதிரி வாடை. கோவில் தெரு. உற்சவ சமயம். உங்க ஆத்திலே... சின்னவா, பழக்கதோஷம்... நீங்கதான் பக்குவமா சொல்லணும்."

நான் காபி டவராவோடு வந்து நின்றேன். இவர் ஏதாவது சொல்லுவார், ஒரு அதட்டல் போடுவார், "யாரைப் பார்த்து என்ன பேசறேள்?" என்று கேட்பார் என்று பார்த்தேன். இவர் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். வாயில் கொழுக்கட்டை.

கடைசியில் வாயைத் திறந்தார்.

"நான் விசாரிக்கறேன்."

அவ்வளவுதான். நான் விசாரிக்கறேன். அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. நான்தான் டவராவை டக்கென்று வைத்துவிட்டுக் கத்தினேன். "என் மாட்டுப்பொண்ணைப் பத்திப் பேசறதுக்கு இந்த ஆத்து வாசல்படி ஏற வேண்டாம்" என்றேன். அவர்கள் எழுந்து போனார்கள், நான் கத்தியதே அவர்களுக்குச் சாட்சியாகப் போய்விட்டது. குற்றமுள்ள வீடுதானே கத்தும்?

மறுநாள் காலை மருமகள் பெட்டியோடு வந்து நின்றாள். முகத்தில் அழுகை இல்லை. "கொஞ்ச நாள் அம்மா வீட்ல இருக்கேன் அத்தை. இங்கிருந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் தோளுக்கு மேலாகக் கொல்லைப் பக்கம் பார்த்தாள். அங்கே இவர் குனிந்து மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவள் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். "போயிட்டு வரேன் மாமா" என்று மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். அவர் திரும்பாமல் கையை அசைத்தார்.

அவள் போனபின் நாற்றம் நின்றுவிட்டது. தெருவுக்கு அதைவிட என்ன ருசு வேண்டும்? "பார்த்தேளா?" என்று ஒருத்திக்கு ஒருத்தி கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். எனக்கே ராத்திரியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. அவள் செய்திருக்க மாட்டாள் என்று தெரியும், அப்புறம் ஏன் நாற்றம் நின்றது? நாற்றம் ஏன் நின்றது என்பது சித்திரையில் தெரிந்தது.

தெருக்காரர்கள் வந்துபோன ராத்திரியே இவர் டிரம்மின் மூடியை இறுக்கி, ரப்பர் டியூபைச் சுற்றி, மேலே ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்திருக்கிறார். இந்த வித்தை தெரிந்தவர்கள் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்களாம். உள்ளே புளித்துக் கொதிக்கிற சரக்கு, காற்று போக வழி வேண்டும், மூடியைத் தளர்வாகத்தான் வைக்க வேண்டுமாம். கூட்டத்தில் சொல்லித்தான் இருப்பார்கள். இவருக்குத் தெரு மூக்கை மூடினால் போதும். சித்திரை வெயிலில், நல்ல உச்சிப்பொழுதில், நான் கொடியில் மடிப்புடவையை உலர்த்திவிட்டுத் திரும்பி நாலு எட்டு வைத்திருப்பேன், பின்னால் டமார் என்று ஒரு சத்தம். ஆட்டுக்கல் உருண்டு துவைக்கிற கல்லில் மோதியது. மூடி சுவரில் போய் அடித்தது. கறுப்புக் குழம்பு ஒன்று சுவர், வலை, கிணறு, என் புடவை, என் முதுகு, எல்லாவற்றிலும் வாரி அடித்தது.

ராமா! அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? பங்குனியில் வந்தது அதன் நிழல்கூட இல்லை. நான் கிணற்றடியிலேயே உட்கார்ந்து காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் புடவையில் பளபளவென்று ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது, சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லு போல. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் மெல்லிசாக, வளைந்து, வெள்ளையாக ஒரு முள். அதைப் பார்த்த பிறகு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கையைக் கழுவக்கூட இல்லை, போனை எடுத்து மருமகளைக் கூப்பிட்டேன்.

"கொல்லை டிரம்முல மீன் இருக்கும்மா" என்றேன்.



"தெரியும் அத்தை."

"தெரியுமா?"

"முதல் நாளே தெரிஞ்சுது. எங்க வீட்ல வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? மாமாகிட்ட போய்க் கேட்டேன். மீன் அமிலம்மா, மீன் கழிவும் வெல்லமும் போட்டு ஊறவைக்கிறது, மரத்துக்கு நல்லதுன்னாங்க. அத்தைகிட்ட சொல்லிடாதேம்மா, டிரம்மைத் தூக்கிப் போட்டுடுவா, காய் பெருக்கற வரைக்கும் பொறுத்துக்கோன்னு கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க. பெரியவங்க, சரின்னுட்டேன்."

"அன்னிக்கு அவா மூணு பேரும் வந்தப்போ?"

"மாமா சொல்லுவாங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

என்ன மனுஷன் இவர்! அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, அவள் வாயைக் கட்டிப்போட்டு, அவள் மேலேயே பழி விழுவதை ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். விசாரிக்கறாராம்! பெட்டியோடு அவள் வாசலில் நின்றபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே. டிரம்மின் நாற்றம் எனக்கு அந்த நிமிஷம் பெரிதாகவே தெரியவில்லை.

அவர் அப்போதுதான் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிவந்தார். வந்தவர் முதலில் என்ன பார்த்தார் தெரியுமா? மரத்தைப் பார்த்தார். நாலு காயும் இருக்கிறதா என்று எண்ணினார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"எந்தப் பாத்திரத்திலன்னா எடுத்துண்டு வந்தேள் அதை?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் கேட்க வந்தது.

"பால் தூக்கு... பழசு... அப்புறம் நன்னாத் தேச்சு..."

அன்றுவரை இரண்டு மாசமாக அந்தத் தூக்கில்தான் நான் பால் வாங்கிக்கொண்டிருந்தேன். சீ!

நான் புடவையைக் கொடியிலிருந்து உருவினேன். உதறவில்லை, அலசவில்லை. செதிலும் முள்ளும் கறுப்புமாக அப்படியே சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். "எங்கடி போறே? சித்தே இரு, நான் சொல்றேன், பக்குவமா சொல்லிக்கலாம்" என்று பின்னாலேயே ரேழி வரை வந்தார். அதற்கு மேல் வரவில்லை.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். மாமி திறந்தாள். அவள் மூக்குக்கு நேரே புடவையை நீட்டினேன்.

"மோந்து பாருங்கோ மாமி. இதுதானே வாடை? நன்னா மோந்து பாருங்கோ. எங்காத்துக்காரர் பேரி மரத்துக்குப் போட்ட மீன் இது. அவரே மார்க்கெட்டுக்குப் போய், அவரே வாங்கிண்டு வந்து, அவரே ஊறப்போட்டது. என் மாட்டுப்பொண்ணு இதைக் கையால தொடலை."

மாமி இரண்டடி பின்னால் போனாள். அவள் பின்னாலிருந்து மாமா வந்தார். கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார் போலிருக்கிறது, முகத்தில் ஒரு சிரிப்பு.

"அட, உரமா? இதை முன்னாடியே சொல்லப்படாதோ? செடிக்குத்தானே, பாதகமில்லே. ரோஜாவுக்கும் போடலாம்னு யூடியூப்ல சொல்றான்" என்றார். மாமியைப் பார்த்து, "அவர் ஒரு பாட்டில் குடுத்தார்னா நம்ம மாடித் தொட்டிக்கு ஊத்தலாம்" என்றார்.

 நான் அடுத்த வீட்டுக்கும் போனேன், அதற்கடுத்த வீட்டுக்கும் போனேன். எல்லா இடத்திலும் அதே கதை. ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி, "புருஷாளுக்கு ரிடையர் ஆனா இப்படித்தான் ஏதாவது பைத்தியம்" என்றாள். அதே மீன், அதே கொல்லை, அதே நாற்றம். அவள் கொண்டுவந்தாள் என்றால் தெருவே தீட்டு. இவர் கொண்டுவந்தால் ரோஜாவுக்கு ஆகும். "அந்தப் பொண்ணு மேல அபாண்டமாச் சொல்லிட்டோமே" என்று ஒரு வாய், ஒரே ஒரு வாய் சொல்லவில்லை. எந்த வீட்டு வாசலிலும் அவள் பேச்சே வரவில்லை.

திரும்பி வந்தேன். இவர் கொல்லையில் ஹோஸ் பைப்பை வைத்துச் சுவரைக் கழுவிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு நிம்மதி. எதிர்வீட்டு மாமா வாசலிலிருந்தே குரல் கொடுத்திருக்கிறார் போலிருக்கிறது.

"பார்த்தியா, ஒருத்தரும் தப்பா எடுத்துக்கலை" என்றார்.

"உறையூருக்குப் போய் அவகிட்ட மன்னிப்புக் கேளுங்கோ."

"அதான் எல்லாருக்கும் தெரிஞ்சுடுத்தே. அவளே வந்துடுவா. நான் போய் என்னன்னு சொல்றது? மாமனார் ஸ்தானம்..."

"சரி" என்றேன்.

நேரே மரத்தடிக்குப் போனேன். வலைக்குக் கீழே, தலைக்கு எட்டுகிற உயரத்தில், ஒரு கிளையில் இரண்டு காய் சேர்ந்து தொங்கின. எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லை. பச்சையும் சாம்பலுமாக, சொரசொரவென்று. அதிலும் கறுப்புக் குழம்பு வழிந்திருந்தது. நான் கையை உயர்த்தி ஒன்றைப் பிடித்தேன்.

"தொடாதே!"

வீடே அதிர்ந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. ஹோஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டு, சேற்றில் வழுக்கி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்து எனக்கும் மரத்துக்கும் நடுவில் நின்றார். மார்பு ஏறி இறங்கியது. கண் சிவந்திருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை.

"குரல் இருக்கே உங்களுக்கு" என்றேன்.

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. காயைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டு, இரண்டு நாளைக்கு வேண்டியதை ஒரு பையில் போட்டுக்கொண்டு, திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து உறையூர்.

சம்பந்தியம்மாள் கதவைத் திறந்து, "வாங்க சம்பந்தி, சொல்லாம வந்திருக்கீங்களே" என்று பதறிப்போனாள். உள்ளே அடுப்பில் ஏதோ பொரிகிற சத்தம். "ஒரு நிமிஷம், அடுப்பை அணைச்சிடறேன், உங்களுக்கு ஒத்துக்காது" என்று ஓடினாள். "வேண்டாம், அணைக்காதேங்கோ, ஆறிப்போயிடும்" என்றேன். வாசலை ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தேன். மருமகள் தலையில் ஈரத் துண்டோடு உள்ளேயிருந்து வந்தாள். என் பையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"டிரம் வெடிச்சு, தெருவுக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்றேன். "நானே வீடு வீடாப் போய்ச் சொன்னேன்."

அவள் தலையை ஆட்டினாள். தெருவைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை. துண்டை அவிழ்த்து மடித்துக்கொண்டே, கொஞ்சம் தயங்கி, வேறு ஒன்று கேட்டாள்.

"மாமா ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னார். தொடாதேன்னார்."

"எதை?"

"காயை."

மடித்த துண்டை அவள் பக்கத்துச் சேரில் வைத்தாள். அப்புறம் என் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று கேட்டாள்.